ஐந்து ஐம்பத்தெட்டு, பூஜ்ஜியம் விநாடி

அத்தியாயம் 6

"ஆளு கெடச்சா இட்டுகினு வாங்க மேடம். கெடைக்கலன்னா அதயும் இன்னிக்கே சொல்லிடுங்க. நாளிக்கு பத்து மணிக்கு விசாரண. நான் ஒண்டியா போய் நிக்கணும்னா மனச இப்பவே தேத்திக்கணும்ல?"

ரூத் இதைச் சொல்லும்போது அழவில்லை. ஒரு மாதமாக அழுது முடித்திருந்தாள்.

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் தெய்வநாயகியின் துப்பறியும் அலுவலகம். பத்தொன்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்கிற விசாரணை. இது அப்படி இல்லை.

ரூத்தின் கணவன் சின்னையன், மறைமலைநகரில் கோமேதக் ஆட்டோ பிரஸ்ஸிங்ஸ் என்ற தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி சாயந்திரம் ஆறு நாற்பதுக்கு அந்த மெஷினிலேயே மாட்டி இறந்துபோனான். கம்பெனி சொன்ன கதை வேறு. சின்னையன் ஐந்து ஐம்பத்தெட்டுக்கே வருகை அட்டையைத் தேய்த்து வெளியே போய்விட்டான். பின் கேட் வழியாகத் திரும்பி வந்தது செம்புத் துண்டுகளைத் திருட. அதற்குச் சாட்சி, கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்த வருகைப் பட்டியல்.

"ஷிஃப்டு முடிஞ்சி அத்தினி பேரும் கம்பெனி பஸ்ஸுல ஏறிட்டாங்க. இவர மட்டும் சூப்பர்வைசர் நிறுத்திகினாரு, இன்னும் நாப்பது பீஸ் அடிச்சிட்டுப் போன்னு. போன் பண்ணி எனுக்கு சொன்னாரு மேடம். இப்போ சூப்பர்வைசரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. எங்க தெருவுல சாராளப் பாத்து, திருடன் பொண்ணுன்னு சொல்றாங்க. பன்னெண்டு வயசு அதுக்கு. இஸ்கோலுக்குப் போவ மாட்டேங்குது."

அந்தப் பட்டியலைப் பொய் என்று சொல்ல முன்வந்தவன் ஒரே ஒருத்தன். இனியன், இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ரோட்டில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான். லினக்ஸ், ஓப்பன் சோர்ஸ் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசுகிற ஆள். பட்டியலைப் பார்த்ததும் "இந்த சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோடை, எழுதின மூல வரி எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க அக்கா, நான் வந்து விசாரணையில கேக்கறேன்" என்று குதித்தான். போன சனிக்கிழமையிலிருந்து அவனைக் காணவில்லை. செல்போன் அணைந்து கிடந்தது.

"கம்பெனிக்காரன் தூக்கிட்டான்னு ஊரே சொல்லுது மேடம்" என்றான் கலைவாணன், தெய்வநாயகியின் உதவியாளன். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். வாயை மூடினால் வண்டி நின்றுவிடும் என்று நம்புகிறவன். "ஊரே சொன்னா சரியாத்தான் இருக்கும். போன வாரம் நான் செத்துட்டேன்னு கூட சொன்னாங்க."

தெய்வநாயகி ரூத்திடமிருந்து பட்டியலின் நகலை வாங்கினாள். ஆகஸ்ட் மாதத்துக்கு சின்னையனின் வருகை நேரங்கள். ஒரு வரியை இனியன் சிவப்பு மையால் சுழித்திருந்தான். 2004-08-11, 17:58:00. தாளின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ அச்சாகியிருந்தது. அதையும் நிதானமாகப் படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"எதுக்கு இதைச் சுழிச்சிருக்கான், தெரியுதா?"

கலைவாணன் எட்டிப் பார்த்தான். "மத்த நாள்ல எல்லாம் விநாடி கண்டபடி கீது. ஏழு, நாப்பத்தொண்ணு, பதினாறு. அன்னிக்கு மட்டும் கரீட்டா பூஜ்ஜியம்."

"சரியா பூஜ்ஜியம் விநாடியில அட்டை தேய்க்கறதுக்கு அறுபதுல ஒரு வாய்ப்பு இருக்கு. நாளைக்கு விசாரிக்கப் போற தொழிற்சாலை ஆய்வாளர் தற்செயல்னு சொல்லிட்டா போச்சு. அதனாலதான் நமக்கு இனியன் வேணும். வா."

* * *

பிரௌசிங் சென்டரை அண்ணன் இல்லாத நாட்களில் தங்கை சங்கரி பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை, கூட்டம் இல்லை. சுவரில் இனியன் கைப்பட எழுதிய அறிவிப்பு தொங்கியது.

'திருட்டு சிடி கொண்டு வராதே. கேட்டால் லினக்ஸ் சும்மாவே தருகிறேன். பாஸ்வேர்டில் காதலி பெயர் வைக்காதே, பிறகு இரண்டையும் மாற்ற வேண்டிவரும். தேதியை வருஷத்தில் தொடங்கு: வருஷம், மாதம், நாள். அப்போதுதான் கோப்புகள் வரிசையில் நிற்கும்.'

"இவன் வீட்ல குழந்த பொறந்தா பேரு வெக்கறதுக்கு முன்னாடி நம்பர் போடுவான்" என்றான் கலைவாணன்.

சங்கரி சிரிக்க முயன்று தோற்றாள். "வெள்ளிக்கிழமை ஒருத்தர் வந்தார் மேடம். சஃபாரி போட்டிருந்தார். அண்ணனோட வெளிய நின்னு அஞ்சு நிமிஷம் பேசினார். கோமேதக் பர்சனல் மேனேஜர் ராமானுஜம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவர் போனதுக்கு அப்புறம் அண்ணன் சாப்பிடவே இல்ல. மறுநாள் ஒரு பையை எடுத்துக்கிட்டு, ஒரு வாரம் வெளியூர்னு போயிட்டான்."

"பையில என்ன எடுத்துக்கிட்டுப் போனான்?"

"ரெண்டு சட்டை. வேற தெரியலை."

தெய்வநாயகி அலமாரிப் பக்கம் போனாள். சிடிக்கள் நூற்றுக்கு மேல், ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, எல்லாம் வருஷத்தில் தொடங்கி. விரலால் தடவிக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றாள். 2000 ஏப்ரலுக்கும் 2000 ஜூனுக்கும் நடுவில் ஒரு சிடி கனத்துக்கு இடைவெளி. அங்கே தூசி இல்லை.

"பயந்து ஓடறவன் நாலு வருஷத்துப் பழைய சிடியை எதுக்கு எடுத்துக்கிட்டு ஓடணும்?" என்று தனக்குள் கேட்பதுபோலச் சொன்னாள்.

"சினிமாவா இருக்கும் மேடம்."

அவள் சங்கரியிடம் திரும்பினாள். "உங்க அண்ணன் எழுதற மெயில் குழு ஒண்ணு இருக்குன்னு ரூத் சொன்னாங்க."

"செங்கை லினக்ஸ் குழு. முப்பது, நாப்பது பேர் இருப்பாங்க. யாராவது தப்பா எழுதினா அண்ணனுக்குத் தூக்கம் வராது. ஒரு தடவை ஜுரத்துல படுத்திருந்தப்போகூட எழுந்து வந்து பதில் போட்டான்."

தெய்வநாயகி கலைவாணனைப் பார்த்தாள். கலைவாணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "இன்னா தப்பு எழுதணும், சொல்லுங்க மேடம். சின்னதாவா, பெருசாவா?"

"அவனால பொறுத்துக்கவே முடியாத அளவுக்கு."

கலைவாணன் இரண்டு விரலால் தட்டினான். ஆங்கில எழுத்தில் தமிழ். 'நான் ஸ்வாதி, மதுராந்தகம், காலேஜ் ஸ்டூடன்ட். எனக்கு ஒரு டவுட். சோர்ஸ் கோடை எல்லாருக்கும் காட்டினால் திருடனுக்கும் தெரிந்துவிடுமே? அப்போது மூடி வைத்த சாஃப்ட்வேர்தானே பாதுகாப்பு? ஓப்பன் சோர்ஸ் என்பதே வேலையில்லாதவர்கள் பேச்சு என்று எங்கள் சார் சொல்கிறார்.'

பத்து மணிக்கு மெயில் போயிற்று. பத்து முப்பத்தைந்துக்கு இனியனிடமிருந்து பதில் வந்தது. சங்கரி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் உயிரோடு இருக்கிறான்.

'ஸ்வாதி, உங்கள் சார் சொன்னது முழுத் தவறு. ரேஷன் கடையில் தராசை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, நிறுத்து வந்து, இருபது கிலோ சரியாக இருக்கிறது என்று கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? தராசை என் எதிரே வை என்று கேட்பதுதான் ஓப்பன் சோர்ஸ். திருடன் கண்ணிலும் படும்தான். ஆனால் வரிசையில் நிற்கிற நூறு பேர் கண்ணிலும் படும். மூடி வைத்ததை நம்பச் சொல்கிறவன் உங்களிடம் பாதுகாப்பை விற்கவில்லை, கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். அது இருக்கட்டும், பாதுகாப்பு என்பது முதலில் மனிதர்கள் சமாச்சாரம். இதோ என் பக்கத்து கம்ப்யூட்டரில் ஒருவர் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்து, தன் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக உரக்கச் சொல்லி அடித்துக்கொண்டிருக்கிறார். இவருக்கு எந்த சாஃப்ட்வேர் உதவும்?'

"மாலையோட பிரௌசிங் சென்டருக்கா?" என்றான் கலைவாணன். "கல்யாண மாப்ள மெயில் பாக்கறதுக்கு எந்திரிச்சி வந்துட்டானா? மண்டபத்துல பொண்ணு ஒக்காந்துகினு கீதே."

"பொண்ணே இன்னும் கிடைக்கலை அவனுக்கு" என்றாள் தெய்வநாயகி. "கல்யாணம் ஆகணும்னு வேண்டிக்கிட்டு, பெருமாளுக்குச் சாத்தின மாலையைக் கழுத்துல போட்டு ஒன்பது சுத்து சுத்தறது எந்தக் கோயில்ல?"

கலைவாணன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "திருவிடந்தை! நானே ரெண்டு தபா சுத்திட்டு வந்துகீறேன் மேடம். பெருமாள் இன்னும் யோசிச்சிகினு கீறாரு."

* * *

கலைவாணனின் ஸ்கூட்டர் திருப்போரூர் வழியாகப் போய் நெம்மேலியில் கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. திருவிடந்தையில் ஒரே ஒரு பிரௌசிங் சென்டர், இளநீர்க் கடைக்கு அடுத்து, நாலு கம்ப்யூட்டர். மாலைக்காரர் போய்விட்டிருந்தார். மூலையில் நாலு நாள் தாடியோடு ஒருத்தன் வேகவேகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

கலைவாணன் அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து படித்தான். "'ஸ்வாதி, நீங்கள் பதில் போடாததால் இரண்டாவது காரணத்தையும் சொல்கிறேன்...' போதும் அண்ணாத்த, ஸ்வாதிக்கு ஒண்ணாவது காரணமே புரிஞ்சிருச்சி."

இனியன் திடுக்கிட்டுத் திரும்பினான். "நீங்க யாரு?"

"ஸ்வாதி."

தெய்வநாயகி தன்னை யாரென்று சொன்னாள். ரூத் அனுப்பியதாகச் சொன்னாள். ரூத் பேரைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. மூன்று பேரும் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தார்கள். படகுகள் ஏறிக் கிடந்தன. வலை காயவைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவன் மணலில் உட்கார்ந்தான்.

"யாரும் என்னைக் கடத்தலை. ராமானுஜம் மிரட்டினார், பயந்துட்டேன், அவ்வளவுதான். அக்காகிட்ட என்னை மன்னிச்சிடச் சொல்லுங்க" என்றான்.

"அவர் என்ன சொல்லி மிரட்டினார்?"

"கை காலை எடுத்துடுவேன்னு."

"பொய்" என்றாள் தெய்வநாயகி.

இனியன் நிமிர்ந்தான். கலைவாணனும்தான்.

"கை காலுக்குப் பயந்தவன் எங்க சித்தி வீடு, எங்க மாமா வீடுன்னு போவான். ஊர்ல போலீஸ் இருக்கு. நீங்க ஒரு சிடியை எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. 2000 மே மாசத்து சிடி. இந்தப் பையிலதான் இருக்கு."

அவன் கை தானாகப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

தெய்வநாயகி பட்டியலை விரித்து, அடியில் இருந்த பொடி எழுத்தை விரலால் காட்டினாள். "வருகை 1.2, 2000-05-20. சாஃப்ட்வேர் பேரும் அது முடிஞ்ச தேதியும். கம்பெனிக் காகிதம் எதை எடுத்தாலும் நாள் முதல்ல வரும். இதுல மட்டும் எல்லாத் தேதியும் வருஷத்துல தொடங்குது. இந்தப் பக்கத்துல அப்படி எழுதறதுக்குச் சண்டையே போடற ஒரே ஆளை எனக்குத் தெரியும், அவர் சுவர்ல எழுதி ஒட்டியிருக்கார்." குரலைத் தாழ்த்தினாள். "இதை எழுதினது நீங்கதானே தம்பி?"

இனியன் தாளைப் பார்த்தபடி தலையசைத்தான். "காலேஜ் முடிச்சு முதல் வேலை. ஒரு சின்ன சாஃப்ட்வேர் கடையில. அக்கா பட்டியலைக் கொண்டு வந்தப்போ விநாடியைத்தான் முதல்ல பார்த்தேன். பிடிச்சிட்டேன்னு குதிச்சேன். கீழே இருந்ததை அவங்க போனதுக்கு அப்புறம், நான் எடுத்து வெச்ச ஜெராக்ஸ்லதான் படிச்சேன்."

"அந்த பூஜ்ஜியம் எப்படி வருது?"

"அட்டையை மறந்துட்டு வர்றவங்களுக்கு நேரத்தைக் கையால போட ஒரு திரை வேணும்னு கோமேதக்ல கேட்டாங்க. மணியும் நிமிஷமும் அடிச்சா போதும். விநாடியை நான் கேக்கலை. தானா பூஜ்ஜியம் விழும்."

"யாரு கைய வெச்சான்னு அதுல தெரியாதா?" கலைவாணன் கேட்டான்.

இனியன் மணலைக் கிளறினான். "தெரியற மாதிரிதான் எழுதியிருந்தேன். யார் திருத்தினா, எப்போ திருத்தினான்னு தனியாப் பதிவாகும். பதினோரு வரி. ராமானுஜம் பார்த்துட்டு, 'இது எதுக்கு தம்பி, எடுத்துடு, அப்பதான் கையெழுத்துப் போடுவேன்'னார். எடுத்துட்டேன். அதுக்கு அப்புறம் அந்த வேலையில இருக்கப் பிடிக்கலை. ஓப்பன் சோர்ஸ்னு நான் பேச ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான். நாலு வருஷமா ஊருக்கே சொல்றேன், சோர்ஸைக் காட்டு, சோர்ஸைக் காட்டுன்னு. வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னார், 'காட்டச் சொல்லேன், முதல் வரியிலயே உன் பேருதான் இருக்கு'ன்னு."

"சிடியில அது அப்படியே இருக்கா?"

"இருக்கு. பதினோரு வரியோட இருக்கறது 1.1. எடுத்தது 1.2. ரெண்டும் இருக்கு. வெளியே காட்ட மாட்டேன்னு அந்த சாஃப்ட்வேர் கடைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். காட்டினா என் மேலதான் முதல் கேஸ். இங்க வந்து கடல்ல எறிஞ்சிடலாம்னு நினைச்சேன். நாலு நாளா முடியலை."

"எறிஞ்சிருந்தா நான் உங்களை வற்புறுத்த முடியாது. இப்பவும் வற்புறுத்தப் போறதில்லை" என்றாள் தெய்வநாயகி. "ஆனா ரூத்துக்கு இன்னைக்கே பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். ஆள் கிடைக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். கிடைச்சார், வரலைன்னு சொல்லவா? இல்ல நீங்களே சொல்றீங்களா?"

* * *

நாலு மணிக்கு தெய்வநாயகியின் அலுவலகத்தில் ரூத் எதிரே அவன் நின்றான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. பதினோரு வரியையும் சொன்னான்.

ரூத் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்த பிறகு ஒன்றுதான் கேட்டாள். "அத எடுக்கும்போது, யாராச்சும் இப்புடி செய்வாங்கன்னு உனுக்குத் தோணலியா?"

"தோணுச்சு அக்கா."

கலைவாணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரூத் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"நாளிக்கு பத்து மணி" என்று எழுந்தாள். "சாராளையும் இட்டுகினு வரேன். தோணுச்சின்னு சொன்ன பாரு, அதயும் அங்க சொல்லு."

* * *

விசாரணை அறையில் ராமானுஜம் வக்கீலோடு வந்திருந்தார். இனியனைப் பார்த்ததும் வெள்ளிக்கிழமை சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"ஒரு விநாடி பூஜ்ஜியமா இருக்கறதை வெச்சு ஒரு கம்பெனியைப் பொய்யன்னு சொல்ல முடியுமா?" என்றார் வக்கீல். "தற்செயல் சார்."

ஆய்வாளர் தலைமுடி நரைத்த, அலுத்துப்போன மனிதர். இனியனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"இதை எழுதினவன் நான் சார். உங்க கம்ப்யூட்டரை அஞ்சு நிமிஷம் கொடுங்க."

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஆய்வாளர் கையமர்த்தினார். இனியன் சிடியைப் போட்டான். பத்து நிமிஷம் ஆனது. பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. அதை எடுத்து ஆய்வாளர் முன் வைத்தான்.

கோமேதக் கொடுத்த பட்டியல் எப்படியோ அப்படியே. அதே கட்டம், அதே அடிக்குறிப்பு. பெயர் மட்டும் ஆய்வாளருடையது. வெளியேறிய நேரம், 2004-09-16, 09:58:00.

"இந்தக் காகிதத்தை நம்பினா, விசாரணை தொடங்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க சார். இப்போ இந்த அறையில இருக்கறது யாருன்னு சாஃப்ட்வேருக்குத் தெரியாது. யார் இப்படி மாத்தினாங்கன்னும் தெரியாது. தெரியற மாதிரி இருந்த பதினோரு வரியை நான்தான் எடுத்தேன். தப்பா ஒருநாள் பயன்படும்னு அப்பவே எனக்குத் தோணுச்சு. எடுக்கச் சொன்னவர் இதோ உக்காந்திருக்கார். திருத்தற திரையோட பாஸ்வேர்ட் அவர்கிட்ட மட்டும்தான் கொடுத்தேன்."

ஆய்வாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ராமானுஜத்திடம், "அந்த சூப்பர்வைசரை மதியம் ரெண்டு மணிக்கு இங்க அனுப்புங்க. தனியா" என்றார்.

சூப்பர்வைசர் வந்தார். முதல் கேள்விக்கே உடைந்துவிட்டார். நாற்பது பீஸ் அடிக்கச் சொன்னது தான்தான் என்றார். சின்னையன் அன்று அட்டையே தேய்க்கவில்லை என்றார். கோப்பில் 'திருடும் நோக்கத்துடன் நுழைந்தவர்' என்று இருந்த வரியை ஆய்வாளர் தன் கையால் அடித்து, 'பணியில் இருந்தவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாராள் எட்டிப் பார்த்து அதை வாய்க்குள் படித்தாள்.

வெளியே, படியிறங்கும்போது, இனியனிடம் தெய்வநாயகி சொன்னாள். "அந்த சாஃப்ட்வேர் கடைக்காரங்க உங்க மேல வழக்குப் போடலாம். எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார்."

"போடட்டும் மேடம்" என்றான். குரல் உறுதியாக இல்லை.

ரூத் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தவள் நின்று திரும்பினாள். அவனுக்கு நன்றி சொல்லப் போகிறாள் என்று கலைவாணன் நினைத்தான். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"இங்க சொன்னது ஆபீசுக்கு" என்றாள். "எங்க தெருவுல நாப்பது வூடு கீது. பேப்பர்ல எழுதனத அங்க யாரும் படிக்க மாட்டாங்க. நீ வந்து சொல்லு."

"எல்லார்கிட்டயுமா அக்கா?"

"ஒரு வூடு வுடாம."

டவுன் பஸ் வந்து நின்றது. சாராள் முதலில் ஏறினாள், பின்னாலேயே ரூத். கண்டக்டர் விசில் ஊதக் கையைத் தூக்கும்வரை இனியன் பையைப் பிடித்தபடி தரையில் நின்றான். பிறகு ஓடிப்போய்ப் பின்படியில் ஏறிக்கொண்டான்.